சாவி உன் கையில் இருந்த நாள்

அடியேய்,

இன்றைக்கு கிளினிக் நாள். பிரஷர் குளிசை எடுக்க டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போதுதான் நடையைக் கழுவி விட்டிருந்தார்கள். அந்த பினாயில் வாடை மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய். செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது, இன்னும் அந்த வாடை உன்னை விடவில்லை. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தால் தலையில் இருக்கும் பூவை மிஞ்சிக்கொண்டு அதுதான் அடிக்கும். நீ அதை மறைக்கவும் மாட்டாய். கவர்மெண்டு வாசம் என்று பெருமைப்பட்டிருப்பாய்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை தாள் கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கம்பஸில் படிக்கிறதாம். அரசாங்க வேலை பார்க்கிறவர்களை எது வேலை செய்ய வைக்கிறது, கம்பெனி வேலை பார்க்கிறவர்களை எது வேலை செய்ய வைக்கிறது என்று ஆராய்ச்சியாம்.

"அம்மாச்சி, நீங்க தோட்டத்துல வேலை செஞ்ச காலத்துல ஒங்கள எது ஊக்கப்படுத்திச்சி?"

"அட்டை."

"என்னங்க?"

"கால்ல ஏறுற அட்டை. நின்னா ஏறும். அதனால நிக்காம பறிச்சோம். எழுதிக்க."

பிள்ளை நல்ல பிள்ளை, கோபிக்கவில்லை. தாளில் இருந்த நாலு கட்டத்தைக் காட்டியது. சம்பளம், பாராட்டு, பதவி உயர்வு, சேவை மனப்பான்மை. எதில் சரி போடட்டும் என்று கேட்டது. "அரசாங்க ஊழியருக்கு சேவை மனப்பான்மை கூடுதலா இருக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு. அது சரியான்னுதான் பாக்குறோம்" என்றது. நான் சிரித்த சிரிப்பில் பிரஷர் பார்க்கிற நர்ஸ் மிஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலை உனக்கு எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் வரும். உனக்கென்ன, வாசிக்கவா போகிறாய்?

நாம் இரண்டு பேரும் டயகமப் பக்கத்தில் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள்தானே. உன் நிரைக்கு அடுத்த நிரை என்னுடையது. நீ எப்படிப்பட்ட வேலைக்காரி என்று எனக்குத் தெரியும். முற்றின இலையைக் கூடைக்கு அடியில் போட்டு, மேலே பிஞ்சுக் கொழுந்தைப் பரப்பி, ஒன்றும் தெரியாத முகத்தோடு நிறுவைக்குப் போய் நிற்பாய். அப்போது தோட்டம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. கணக்கப்பிள்ளை சவுக்கு மரத்தடியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவார். "யார் அப்பன் வீட்டுச் சொத்து" என்பதுதான் அவருக்கும் சொல், நமக்கும் சொல். பிறகு கம்பெனி வந்தது. ஆபிஸ் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள், வேறொன்றும் மாறவில்லை. அதே கணக்கப்பிள்ளை, அதே தொப்பி. ஆனால் மரத்தடியில் படுத்திருந்த மனுசன் ஒரே வாரத்தில் மலை உச்சியில் நின்று விசில் ஊதினார். முந்தின மாதம் வரை அவருக்குள் எங்கே ஒளிந்திருந்தது அந்தச் சுறுசுறுப்பு? தேயிலைச் செடி ஒன்றுக்குத்தான் மானம் இருந்தது. யார் முதலாளி என்று அது பார்க்கவில்லை, மழை பெய்தால் துளிர்த்தது.

கம்பெனி வருவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால் நீ போய்விட்டாய். நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்த புதுசு. அதுவரை நாடில்லாத சனத்துக்கு அரசாங்க வேலை எங்கே? யாரோ ஒரு பெரிய மனுசனின் லிஸ்டில் உன் வீட்டுக்காரர் உன் பேரைச் சேர்த்துவிட்டார். டவுன் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை. "என் பேரையும் போடச் சொல்லுடி" என்று நான் கேட்டேன். "லிஸ்ட் நெறஞ்சி போச்சி" என்றாய். அந்த லிஸ்டில் பிறகு இரண்டு பேர் சேர்ந்ததும் எனக்குத் தெரியும். அதை விடு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் தாள் பத்தாது.

யூனிபோம் சேலை கட்டின நாளிலிருந்து உன் நடையே மாறிப்போனது. லயத்து வீடுகளுக்கு வந்தால் எங்கள் வாசலில் உட்கார மாட்டாய், நின்றபடியே பேசுவாய். "ஒங்களுக்கென்ன, மழைன்னா வேலை இல்ல. எங்களுக்கு அப்புடியா?" என்பாய். மழையில் நனைந்து நான் பறித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாதா? பௌர்ணமிக்குப் போயா லீவு, சுகவீன லீவு, பென்சன், நிரந்தரம் என்று நீ சொல்லும்போது பாயாசத்தில் கிடக்கும் முந்திரியைத் தேடித் தின்கிற மாதிரி சொல்வாய். இருபது வருசம் வேலை செய்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. உன் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்றே உனக்குத் தெரியாது. அதைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாய். நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. எல்லாரையும் விடக் கூடக் கொழுந்து பறித்தாள் என்று கம்பெனி எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் தந்தது, துரை கையால், போட்டோ எடுத்து. நேரத்துக்கு வேலைக்கு வருவதற்குக் கடிகாரம்! அதை நானும் பல்லை இளித்துக்கொண்டுதான் வாங்கினேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ செத்துப்போனாலும் அதை நான் சொல்லாமல் விடமாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மூச்சு இழுப்பு. பெக்டரித் தூசியை எத்தனை வருசம் தின்றார் மனுசன். உன் ஆஸ்பத்திரியில்தான் மூன்று நாளாக வைத்திருந்தோம். அன்றைக்கு நான் மேல் மலையில் பறித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கொழுந்து நிறுத்து, கூடையைக் கொட்டி முடித்த பிறகு கணக்கப்பிள்ளை பக்கத்தில் வந்தார்.

"ஒன் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கடுமையாம். ஆபிசுக்கு போன் வந்திச்சி."

"எப்ப வந்திச்சிங்க?"

"காலையில."

"காலையிலயா?"

"கொழுந்தக் கொட்டிட்டுப் போகட்டும்னு பாத்தேன்."

இப்படித்தான் சொன்னார், சாகும் வரைக்கும் அந்த மனுசனுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவருக்கு நான் பாதிக் கூடையோடு இறங்கிப்போனால் மலைக்கணக்கு குறையும், துரை ஏசுவார். அவ்வளவுதான் அவருக்கு அந்த போன். நான் இடுப்பில் கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன். பஸ் இல்லை. பாதித் தூரம் நடந்து, மீதி மரக்கறி லொறியில் தொத்திக்கொண்டு போனேன். நோயாளியைப் பார்க்கும் நேரம் ஒரு மணி வரைக்கும். நான் வந்து சேர்ந்தபோது ஒன்று அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கேட்டுக்கு உள்ளே நீ நின்றாய். உன் கையில் சாவி. உன்னைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. சாமியே வந்து கேட்டில் நிற்கிறது என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"தெறடி சீக்கிரம்."

"பார்வை நேரம் முடிஞ்சிருச்சி."

"என்னடி வெளையாடுற? அவருக்குக் கடுமையாம்டி."

"சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தெறப்பாங்க. எல்லாருக்கும் ஒரே சட்டந்தான். அங்கிட்டுத் தள்ளி நில்லு."

என் முகத்தைப் பார்த்து நீ சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்ற யாரோ ஒருத்தருக்குச் சொல்வது மாதிரி சொன்னாய். "ஏ புள்ள, நாந்தாண்டி" என்றேன். நீ திரும்பிப் போய்விட்டாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அஞ்சு மணிக்கு முன்னாலேயே கேட்டைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று கூப்பிட்டவள் முகத்திலேயே தெரிந்தது.

கம்பெனிக்காரன் காலை முழுக்கப் பிடித்து வைத்துக்கொண்டான். கவர்மெண்டுக்காரி மிச்சம் இருந்ததைக் கேட்டில் பிடித்து வைத்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் என் புருசன் தனியாகப் போய்ச் சேர்ந்தார். கம்பஸ் பிள்ளை இதை எந்தக் கட்டத்தில் போடும்?

சாவு வீட்டுக்கு நீ வந்தாய். மாரில் அடித்துக்கொண்டு அழுதாய், ஊரே பார்த்தது. நான் உன் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பல வருசம் உன்னோடு பேச்சு இல்லை. நம் தோட்டத்துக்கே உன் மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாய், அந்தக் கல்யாணத்துக்கும் நான் வரவில்லை. இவ்வளவு பெரிய கவர்மெண்டு அம்மாவின் மகள் கடைசியில் கூடையைத்தான் தூக்கினாள் என்று மனசுக்குள் சந்தோசப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன்.

கம்பெனி என்னைக் கங்காணி ஆக்கியது நான் வேலையை முடிப்பதற்குச் சில வருசத்துக்கு முன்னால். பொம்பளை சொன்னால் பொம்பளை கேட்பாள் என்று யாரோ துரைக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குடையும் ஒரு நோட்டும் கொடுத்தார்கள். காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்கும்போது பேர் எழுதுவது என் வேலை. நேரம் தவறினவளைத் திருப்பி அனுப்புவதும் என் வேலை.

ஒரு நாள் உன் மகள் பிந்தி வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக் காம்பிராவில் ஆயாவிடம் கொடுத்துவிட்டு மேட்டில் ஓடி வந்திருக்கிறாள். அன்றைக்குத் துரை இல்லை, கணக்கப்பிள்ளையும் லீவு. நான் ஒருத்திதான்.

"ஏழு மணின்னா ஏழு மணி. வீட்டுக்குப் போ."

"பெரியம்மா, புள்ளைக்கு..."

"இங்க பெரியம்மா இல்ல. கங்காணி."

"விட்டுருங்கக்கா, பச்சப்புள்ளக்காரி" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். "கம்பெனிச் சட்டம்" என்றேன். உன் மகள் நின்றுகொண்டே அழுதாள். அவள் சட்டையில் பால் கசிந்து நனைந்திருந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அவள் பேருக்கு நேரே கோடு போட்டேன்.

மறுநாள் காலையில் நீ வந்தாய். உனக்கு அன்றைக்கு வேலை இல்லை, ஆனாலும் யூனிபோம் கட்டிக்கொண்டு வந்தாய். பெரட்டுக் களம் நிறையச் சனம்.

"யாருடி அவ, எம்புள்ளய வெரட்டினவ?"

"நேரத்துக்கு வராதவள வெரட்டினவ."

"நான் கவர்மெண்டு உத்தியோகக்காரி. லேபர் ஆபிசுக்கு ஒரு கடுதாசி போட்டேன்னா ஒங்க கம்பெனி கதி என்னாவும் தெரியுமா?"

"போடு. ஒங்க கவர்மெண்டுல ஒரு கடுதாசி இந்த மேசையில இருந்து அந்த மேசைக்குப் போறதுக்குள்ள ஒம் பேத்தியே பெரட்டுக்கு வந்துருவா."

களமே சிரித்தது. உனக்கு மூக்கு சிவந்துபோனது.

"ஒரு கொடையக் குடுத்தவொடன தொரைச்சானி ஆயிட்டியாடி நீ?"

"ஒரு சாவியக் குடுத்தவொடன நீ டாக்டரம்மா ஆகலயா?"

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. நீ என் கையைப் பிடித்துக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாய். நான் ஏன் கூட வந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கியது உனக்கு.

"அன்னிக்கித் தெறந்திருக்கலாம்" என்றாய்.

"தெறந்திருந்தா வேலைய விட்டுத் தூக்கியிருப்பாங்களோ?"

"மாட்டாங்க. நெரந்தர வேலை. ஒரு ஏச்சு விழுந்திருக்கும், அவ்வளவுதான்."

"அப்பொறம் என்னாடி?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "வாச்சர் சோறு திங்கப் போறப்போ சாவிய எங்கையில குடுத்தாரு. மொத மொத அன்னிக்கித்தான். உள்ள மிஸ்மாரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. தோட்டத்து ஆளுகன்னா நான் விட்டுருவேன்னு ஏற்கெனவே ஒரு பேச்சு. 'வத்தே கட்டிய' வந்துட்டாங்கன்னு சிரிப்பாங்க. நீ படங்கக் கட்டிக்கிட்டு, சேறும் சகதியுமா வந்து நின்னே. ஒன்ன எனக்குத் தெரியும்னு..."

"வெக்கமா இருந்திச்சி."

மிச்சத்தை நான் சொல்லி முடித்தேன், நீ தலையாட்டினாய்.

வத்தே கட்டிய. சிங்களத்தில் தோட்டத்துக் கூட்டம் என்று அர்த்தம். அந்தச் சொல் உன் மேல் ஒட்டக் கூடாது என்பதற்காகத்தான் இருபத்தைந்து வருசம் அந்த நடையைக் கழுவினாய் நீ. உன்னை வேலை செய்ய வைத்தது சம்பளமும் இல்லை, பென்சனும் இல்லை, சேவையும் இல்லை. எவரும் தூக்க முடியாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். பயமில்லாதவள் எவ்வளவு நல்லது செய்யலாம்! யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற தைரியத்தில் ஒரு கேட்டைத் திறந்திருக்கலாம். அந்தத் தைரியத்தை நீ சாத்துவதற்குச் செலவழித்தாய். தூ.

நான் மட்டும் என்ன. துரை இல்லாத நாளில், கேட்க ஆள் இல்லாத இடத்தில், கம்பெனிச் சட்டம் என்று சொன்னேன். கம்பெனி என் தலையில் துப்பாக்கி வைக்கவில்லை. உன் மகள் பேருக்குக் கோடு இழுத்தபோது எனக்குச் சீனி தின்ற மாதிரி இனித்தது. கணக்கப்பிள்ளைக்காவது துரை ஏசுவார் என்ற பயம் இருந்தது. உனக்கும் எனக்கும் அதுகூட இல்லை.

அப்போதுதான் நீ அந்தப் பேச்சை எடுத்தாய். குரலை இறக்கி, என் தோளுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னாய்.

"கடைசியா அண்ணன் உசுரு போறப்போ பக்கத்துல நாந்தான் நின்னேன். ஒங்கிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னாரு."

அடியேய், என்ன சொன்னார் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். ஆனால் களத்திலிருந்து அத்தனை பேரும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையில் குடை இருந்தது. இத்தனை வருசமாக வாயில் வைத்துக்கொண்டிருந்த ஒரு சொல்லைத் துப்புவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது.

"பார்வை நேரம் முடிஞ்சிருச்சி. கெளம்பு" என்றேன்.

நீ என்னைப் பார்த்த பார்வை. சேலையைச் சரிசெய்துகொண்டு இறக்கத்தில் போனாய்.

பிறகு இரண்டு தடவை உன் மகளிடம் சொல்லி அனுப்பினாய், அம்மா ஒங்ககிட்ட ஒரு வெசயம் சொல்லணுமாம் என்று. "அரசாங்க உத்தியோகக்காரங்ககிட்ட பேச நமக்கு என்னா தகுதி இருக்கு" என்று திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை நீ அனுப்பவில்லை. உனக்கும் கொழுப்பு உண்டுதானே. பென்சன் எடுத்தாய், லிந்துலைப் பக்கம் சின்ன மகனோடு போய் இருந்தாய். உனக்கு வாதம் அடித்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றைக்குத்தான் எனக்குப் பதறியது. உனக்காகப் பதறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன், உன் பழைய ஆஸ்பத்திரிக்குத்தான். சரியான நேரத்தில் வந்து, சரியான வரிசையில் நின்று, உள்ளே வந்தேன். பழைய ஆள் என்று உனக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டில் கொடுத்திருந்தார்கள். தங்கள் ஆள் என்றால் எல்லாருக்கும் சேவை மனப்பான்மை பொங்கிக்கொண்டு வரும் போல. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் வரும்போதே பத்துத் தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். உன் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தது. என்னைக் கண்டதும் உன் கண் துடித்தது. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, சொல்லாக வரவில்லை. திரும்பத் திரும்ப முயற்சி செய்தாய். நான் "போதும்டி, விடு" என்றேன். மணி அடித்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

உன் காரியம் முடிந்து உன் மகளிடம் கேட்டேன், அம்மா எனக்கு ஏதாவது சொல்லி வைத்தாளா என்று. "எதப் பத்திங்க பெரியம்மா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு என்னை அவள் பெரியம்மா என்று கூப்பிட்டதே பெரிய காரியம்.

இப்போது தினமும் ஒரு தடவையாவது அதை நினைக்கிறேன். அவர் என்ன சொல்லியிருப்பார்? ஆட்டுக்குப் புல் போடச் சொல்லியிருப்பார். எங்கள் சின்னவனைப் படிக்கவை என்று சொல்லியிருப்பார். வராமல் போனதற்கு என்னை ஏசியிருப்பார். ஒரு நாளைக்கு ஒன்று வைத்துப் பார்க்கிறேன், எதுவும் அவர் குரலில் கேட்கவில்லை. பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது, பேசத் தெரியாத மனுசன். சாயத்தண்ணி கேட்டிருப்பார், பாலும் சீனியும் போடாத தேத்தண்ணி. சாகிற நேரத்திலும் அவர் அதைத்தான் கேட்பார். கொடுக்கக் கூடாது என்று மிஸ் சொல்லியிருப்பாள். நீ சேலைத் தலைப்பில் கோப்பையை மறைத்துக் கொண்டுவந்து, தலையைத் தூக்கிப் பிடித்து, அவர் வாயில் ஊற்றியிருப்பாய். அதை நீ செய்திருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றாக வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா? யாரும் பார்க்காத இடத்தில் சட்டத்தை மீறத் தெரிந்தவள்தான், மிஸ்மார் பார்த்தபோது எனக்குக் கேட்டைத் திறக்கவில்லை.

அதனால்தான் உன்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.